விட்பியின் கறுப்பு: காட்டேரிக் கதையும் கோத் பெண்களும்

1970களின் இறுதியில், பிரிட்டனில் பங்க் இசையின் ஆரவாரம் தணியத் தொடங்கிய வேளையில், அதன் எச்சங்களிலிருந்து கோத் என்னும் துணைப்பண்பாடு உருவாயிற்று. பெருஞ்சமூகத்திற்குள்ளேயே வாழ்ந்துகொண்டு உடை, இசை, கூடுமிடம் ஆகியவற்றால் தம்மைத் தனித்துக் காட்டிக்கொள்ளும் குழுவினரின் வாழ்முறையைச் சமூகவியலாளர் துணைப்பண்பாடு என்பர். கோத் வழியில் நின்றோர் கறுப்புடை உடுத்தி, முகத்தில் வெண்மை பூசி, கண்ணைச் சுற்றி அடர்ந்த மை தீட்டி, கல்லறையிலிருந்து எழுந்துவந்து உயிருள்ளோரின் இரத்தத்தைக் குடிப்பதாக ஐரோப்பிய நாட்டார் மரபு கூறும் இரத்தக் காட்டேரியின் சாயலைத் தமக்குரிய முன்மாதிரிகளுள் ஒன்றாக ஏற்றனர். இத்துணைப்பண்பாட்டின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இசைக்குழுக்களிலிருந்தே தொடங்குகின்றனர்: 1979இல் நார்தாம்ப்டனைச் சேர்ந்த பௌஹாஸ் குழு, டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசியின் இறப்பைப் பொருளாகக் கொண்டு வெளியிட்ட ஒன்பது நிமிடத்திற்கும் மேலான இசைத்தட்டு முதற்புள்ளியாகவும், 1982 ஜூலையில் லண்டனின் சோஹோ பகுதியில் தொடங்கிய பேட்கேவ் என்னும் இரவு விடுதி அடுத்த புள்ளியாகவும் வைக்கப்படுகின்றன. இவ்வாறு எழுதப்படும் வரலாற்றில் மேடையேறிய ஆண்களின் பெயர்களே மிகுதியாக வருவது வியப்பன்று. இளைஞர் குழுக்களைப் பற்றிய ஆய்வுகளில் பெண்களுக்கு இடமே இல்லை என்று ஆஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1970களின் நடுவிலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். தெருவையும் மேடையையும் மட்டும் நோக்கும் ஆய்வாளருக்கு, வீட்டு அறைக்குள் உடை தைத்து, கடிதம் எழுதி, கதை படித்த பெண் கண்ணுக்குப் படமாட்டாள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

உடையையும் கதையையும் கடிதத்தையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டால் இவ்வரலாறு இருநூறு ஆண்டுகள் பின்னோக்கி நீள்கிறது. அதன் பல இழைகள் வடகிழக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர்க் கடற்கரையில், எஸ்க் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த விட்பி என்னும் சிறு மீன்பிடி நகரில் வந்து கூடுகின்றன.

கோதிக் என்னும் அடைமொழி இலக்கியத்திற்குள் நுழைந்தது ஹொரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோவின் கோட்டை' என்னும் நூலின் வழியாகும். 1764இன் இறுதியில் வெளியான அந்நூல், அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் தன்னைக் கோதிக் கதை என்று அறிவித்துக்கொண்டது. பாழடைந்த கோட்டை, நிலவறை, பரம்பரைச் சாபம், துரத்தப்படும் கன்னி ஆகியவற்றைக் கொண்ட இவ்வகைக் கதையைத் தொடங்கிவைத்தவர் ஓர் ஆண் என்றாலும், அதை நிலைபெறச் செய்தவர்கள் பெண்களே. கிளாரா ரீவ் 1770களின் இறுதியில் அதைச் சற்று அடக்கமான வடிவில் எழுதிக் காட்டினார். 1794இல் வெளியான 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' நாவலுக்காக ஆன் ராட்கிளிஃப் பெற்ற 500 பவுன், அக்காலத்தில் ஒரு நாவலுக்குக் கேள்விப்பட்டிராத தொகையாகும். அவருடைய கதைகளில் வரும் இளம்பெண், சொத்துக்காகவும் திருமணத்திற்காகவும் தன்னைச் சிறைவைக்கும் ஆணின் கோட்டைக்குள் விளக்கைக் கையிலேந்தித் தனியே நடந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறாள். பேய் என்று தோன்றியதெல்லாம் இறுதியில் மனிதச் சூழ்ச்சியாகவே வெளிப்படுகிறது. மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள உரிமையில்லாத ஒரு நாட்டில், பெண் வாசகருக்கு இக்கோட்டை வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. இந்த வாசிப்பு மோகத்தை ஜேன் ஆஸ்டின் 'நார்தாங்கர் அபே'யில் கேலி செய்தார். அக்கேலியும் அன்போடு கூடியதே.

ஆங்கிலப் புனைகதையின் முதல் உயர்குடிக் காட்டேரியின் பெயரும் ஒரு பெண்ணின் எழுதுகோலிலிருந்து வந்ததே. கவிஞர் பைரனுடன் கொண்ட உறவு முறிந்தபின் கரோலின் லாம் 1816இல் வெளியிட்ட 'கிளெனர்வன்' என்னும் நாவலில், பைரனின் சாயலில் படைக்கப்பட்ட நயவஞ்சகப் பிரபுவுக்கு ரூத்வென் என்னும் பெயரைச் சூட்டினார். பைரனின் மருத்துவராக இருந்த ஜான் பாலிடோரி 1819இல் வெளிவந்த தம் 'வாம்பயர்' கதையின் நாயகனுக்கு அதே பெயரை எடுத்துக்கொண்டார். பழங்கதைகளில் வீங்கிய உடலோடு திரியும் பிணமாக இருந்த காட்டேரி, வெளிறிய முகமும் விருந்து மண்டபத்து நாகரிகமும் உடைய கனவானாக மாறியது இக்கதையில்தான். கைவிடப்பட்ட ஒரு காதலியின் கோபம் இத்தனை நீண்ட இலக்கிய வாழ்வைப் பெற்றது அரிதான நிகழ்வு.

1871-72இல் அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா', பெண்ணொருத்தியைக் காட்டேரியாகவும் மற்றொரு பெண்ணை அவள் விரும்பும் இரையாகவும் காட்டியது. ஈர்ப்பும் அருவருப்பும் கலந்த அவ்வுறவைச் சொல்பவள் இரையாகிய பெண்ணே என்பது, பிற்காலப் பெண் வாசகர் இக்கதையை மீண்டும் மீண்டும் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம். அதன்பின் வந்தவர் பிராம் ஸ்டோக்கர். 1890 கோடையில் அவர் விட்பியின் மேற்குக் குன்றில் ஒரு விடுதியில் தங்கி, துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள தூய மேரி ஆலயத்தின் கல்லறைகளில் பெயர்களைக் குறித்துக்கொண்டும், 1885இல் அக்கரையில் உடைந்த திமித்ரி என்னும் ரஷ்யக் கப்பலைப் பற்றிக் கடலோரக் காவலரிடம் கேட்டறிந்தும் நாட்களைக் கழித்தார். நகரின் நூலகத்தில் படித்த வில்லியம் வில்கின்சனின் நூலிலிருந்தே டிராகுலா என்னும் பெயர் அவருக்குக் கிடைத்தது. திரான்சில்வேனியாவின் நம்பிக்கைகளைப் பற்றிய செய்திகளுக்கோ, குதிரைப்படை அதிகாரியான கணவருடன் அங்கே வாழ்ந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் எமிலி ஜெரார்ட் 1885இல் வெளியிட்ட கட்டுரையை அவர் பெரிதும் நம்பியிருந்தார். காட்டேரியைக் குறிக்கும் நொஸ்ஃபெராட்டு என்னும் சொல்லை ஸ்டோக்கருக்கு அளித்தது அக்கட்டுரையே.

1897 மே மாதம் வெளியான 'டிராகுலா'வில் விட்பி வெறும் பின்புலமன்று. பிணமாகிய மாலுமி சுக்கானோடு கட்டப்பட்டிருக்க, கப்பல் விட்பி மணலில் வந்து மோதுகிறது. தூக்கத்தில் நடக்கும் லூசி வெஸ்டென்ரா நள்ளிரவில் ஆலயக் கல்லறைத் தோட்டத்து இருக்கையில் காட்டேரிக்கு இரையாகிறாள். மூவர் ஒரே நாளில் தன்னை மணக்கக் கேட்டபோது மூவரையும் ஏன் மணக்கக் கூடாது என்று விளையாட்டாகச் சொன்ன லூசிக்கு, அவளுடைய மணமகனே மார்பில் ஆப்பறையும் முடிவைக் கதை விதிக்கிறது. அவள் தோழி மீனாவோ சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள்; சிதறிக் கிடக்கும் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் செய்தித்தாள் துணுக்குகளையும் தட்டச்சு செய்து, நாள்வாரியாக அடுக்கி, ஆண்கள் வேட்டையாடுவதற்குரிய ஆவணமாக ஆக்கித் தருபவள் அவளே. இறுதியில் அவளைப் போற்றினாலும், முக்கியமான தருணமொன்றில் அவளை ஆலோசனையிலிருந்து விலக்கிவைக்கும் ஆண்கள் அதனால் கிட்டத்தட்டத் தோற்றுப்போகின்றனர். நூலாசிரியரின் மறைவுக்குப் பின் அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர், உரிமை பெறாமல் 1922இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட 'நொஸ்ஃபெராட்டு' படத்திற்கு எதிராகப் போராடி, அதன் பிரதிகளை அழிக்கும்படி 1925இல் ஆணை பெற்றார். அவ்வாணை முழுமையாக நிறைவேறாமற்போனது திரைப்பட வரலாற்றுக்கு நல்வாய்ப்பு. கணவரை இழந்த ஒரு பெண், தன் வருவாய்க்கு மூலமாகிய கதையைக் காத்துக்கொள்ள முயன்றதைக் குறைகூற இடமில்லை.

கதை வந்துசேர்வதற்கு முன்பே விட்பி நகரம் கறுப்பால் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்நகரை ஒட்டிய கடற்பாறைகளில் ஜெட் என்னும் கரும்பொருள் கிடைக்கிறது. இது கல்லன்று, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்படுகையில் அமிழ்ந்த, அரவ்காரியா இனத்தைச் சேர்ந்த மரங்கள் அழுத்தத்தில் இறுகியதால் உண்டான, நிலக்கரிக்கு உறவான பொருள். கையில் எடுத்தால் எடையின்றியும் தொட்டால் குளிர்ச்சியின்றியும் இருக்கும். கத்தியால் செதுக்கவும் கடைசல் பொறியில் கடையவும் இசைந்து கொடுக்கும். மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னும். வெண்கலக் காலத்திலிருந்தே அணிகலனாகப் பயன்பட்டுவந்த இப்பொருள் 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இடம்பெற்றுப் புகழ்பெற்றது; 1861 டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்து, விக்டோரியா அரசி தம் எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் கறுப்புடையிலேயே கழிக்கத் தொடங்கியபோது அதன் தேவை பன்மடங்காயிற்று. 1870களின் தொடக்கத்தில் விட்பியின் பட்டறைகளில் ஏறத்தாழ 1,400 ஆண்களும் சிறுவர்களும் இத்தொழிலில் இருந்தனர்.

அவர்கள் செய்த மாலைகளையும் பதக்கங்களையும் காதணிகளையும் அணிந்தோர் பெரும்பாலும் துக்கம் காத்த பெண்கள். அக்கால நடுத்தர வகுப்பின் துக்க முறை பெண்ணின் உடல்மீது எழுதப்பட்ட ஒரு சட்டம் எனலாம். கணவனை இழந்தவள் ஓராண்டும் ஒரு நாளும் முழுத்துக்கம் காக்க வேண்டும். அக்காலத்தில் அவள் உடை, கிரேப் என்னும் பளபளப்பற்ற, சுருக்கங்கள் ஏற்றப்பட்ட பட்டுத்துணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். ஒளிவீசும் நகைகள் கூடா. ஜெட் போன்ற கறுப்பணிகளுக்கே இடமுண்டு. பின்னர்ப் படிப்படியாகக் கிரேப் குறைந்து, சாம்பல் நிறமும் வெளிறிய ஊதாவும் ஒப்புக்கொள்ளப்படும் அரைத்துக்கத்தை அடைய இரண்டாண்டுகளுக்கு மேலாகும். மனைவியை இழந்த ஆணுக்கு இவ்வளவு நீண்ட விதி இல்லை. தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டையோடு அவன் அலுவலகம் சென்றான். மழை பட்டால் கிரேப் பாழாகும். சாயம் கழுத்திலும் கையிலும் ஒட்டும். முகத்திரையாக அணிந்தால் மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடு என்று மருத்துவர் எச்சரித்தனர். இத்துணியைப் பெருமளவில் நெய்து செல்வம் குவித்த கோர்ட்டால்ட் நிறுவனத்தின் எஸ்ஸெக்ஸ் ஆலைகளில் வேலைசெய்தோரில் பெரும்பான்மையோர் பெண்களே. லண்டனின் ரீஜண்ட் தெருவில் 1841இல் திறக்கப்பட்ட ஜேய்ஸ் என்னும் துக்கப் பண்டக்கடை, இறப்புச் செய்தி கிடைத்த உடனே முழு உடைத்தொகுதியையும் அளிக்கும் வணிகமாக வளர்ந்தது.

1880களில் நாகரிகம் மாறியதாலும், மலிவான அயல்நாட்டு ஜெட்டும் கண்ணாடிப் போலிகளும் சந்தையை நிறைத்ததாலும் விட்பியின் தொழில் சரிந்தது. முதல் உலகப்போரில் இறப்பு எண்ணிலடங்காமற்போனபோது, வீட்டுக்கு வீடு துக்கவுடை என்பதே நடவாத செயலாகி, முறையும் தளர்ந்தது. ஆனால் அவ்வுடைகள் மறையவில்லை. பெட்டிகளிலும் பழைய துணிக்கடைகளிலும் அறக்கொடைக் கடைகளிலும் பல பத்தாண்டுகள் கிடந்தன. 1980களின் கோத் பெண்கள் சில பவுன்களுக்கு அவற்றை வாங்கி அணிந்தபோது, அவர்களுடைய கொள்ளுப்பாட்டியர் தலைமுறையினர் விதியின் பேரில் சுமந்த துணி விருப்பின் பேரில் உடுத்தப்படும் துணியாயிற்று. இம்மாற்றத்தை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் யாரும் இறவாத நாளில் துக்கவுடையோடு பேருந்தில் ஏறும் பெண், பார்ப்போருக்குத் தன்னை விளக்கக் கடமைப்பட்டவளாக இருக்க மறுக்கிறாள் என்பதையும் மறத்தலாகாது.

விக்டோரியாக் காலத் துக்கவுடைக்கும் கோத் உடைக்கும் இடையே திரைப்படம் ஒரு பாலமாக அமைந்தது. 1915இல் வெளிவந்த 'எ ஃபூல் தேர் வாஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில், ஆணின் செல்வத்தையும் உயிரையும் உறிஞ்சிவிட்டுச் சிரிப்பவளாகத் தீடா பாரா நடித்தார். இரத்தம் குடிக்காவிட்டாலும் இவ்வகைப் பெண் வாம்ப் என்று வழங்கப்பட்டாள். தீடா பாரா பாலைவனத்தில் பிறந்த மாயப்பெண் என்று படநிறுவனம் விளம்பரம் செய்தது. உண்மையில் அவர் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரின் மகள். அவருடைய படங்களில் பெரும்பாலானவை 1937இல் நிகழ்ந்த கிடங்குத் தீயில் அழிந்துவிட்டபோதிலும், கண்ணைச் சுற்றி அடர்ந்த மையோடு எடுக்கப்பட்ட விளம்பரப் படங்கள் எஞ்சின; அவை போதுமானவையாக இருந்தன. அதே 1915இல் பிரான்சில் ஃபெயாட் இயக்கிய தொடர்படத்தில், உடலோடு ஒட்டிய கறுப்புடையில் பாரிஸின் கூரைகள்மீது ஏறிய முசிதோரா, தண்டிக்கப்பட வேண்டிய திருடியாக இருந்தும் பார்வையாளரின் உள்ளத்தில் நாயகியாகவே நின்றார்.

இவ்வரிசையில் மிகவும் வருந்தத்தக்க கதை மைலா நூர்மியுடையது. ஃபின்லாந்து மரபில் வந்த இவர், 1953இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு மாறுவேட விருந்துக்கு, சார்லஸ் ஆடம்ஸின் கேலிச்சித்திரங்களில் வரும் கறுப்புடைக் குடும்பத்தலைவியைப் போலத் தாமே தைத்த உடையில் சென்று பரிசு வென்றார். அதன் விளைவாக 1954இல் உள்ளூர்த் தொலைக்காட்சியில் பழைய திகில் படங்களை அறிமுகம் செய்யும் வாம்பிராவாக அமர்ந்தார். மிகக் குறுகிய இடை, நீண்ட நகங்கள், வளைந்த புருவம், படம் தொடங்கும் முன் எழுப்பும் அலறல் ஆகியவை 1950களின் அமெரிக்க இல்லத்தரசி உருவத்தைத் தலைகீழாக்கிக் காட்டின. நிகழ்ச்சி ஓராண்டளவே நீடித்தது. நூர்மி பின்னர் வறுமையில் வாழ்ந்தார். 1981இல் எல்வைரா என்னும் பெயரில் வேறொரு நடிகை இதையொத்த தோற்றத்தில் வந்து புகழ்பெற்றபின் நூர்மி தொடுத்த வழக்கு தோல்வியுற்றது. தோற்றத்தை உருவாக்குவதும் உழைப்பே, அதற்கும் உரிமை உண்டு என்பதை ஏற்க நீதிமன்றங்கள் அன்று ஆயத்தமாக இல்லை.

1976 செப்டம்பரில் லண்டனின் 100 கிளப்பில் முதன்முறையாக மேடையேறிய சூசி சூ, இப்பழைய திரைமுகங்களை நினைவூட்டும் மைக்கோடுகளையும், பின்னோக்கிச் சீவிக் கலைத்து உயர்த்திய கரிய கூந்தலையும் பங்க் உலகிற்குள் கொண்டுவந்தார். சூசி அண்ட் த பேன்ஷீஸ் குழுவின் 1981ஆம் ஆண்டு இசைத்தொகுப்பாகிய 'ஜூஜூ' வெளிவந்த காலத்தில், பிரிட்டனின் ஒவ்வொரு நகரிலும் அவரைப் போலவே முடியும் கண்ணும் அமைத்துக்கொண்ட பெண்கள் காணப்பட்டனர். கோத் என்னும் பட்டத்தை அவர் ஒருபோதும் விரும்பி ஏற்கவில்லை. ஆயினும் அத்தோற்றத்திற்கு இலக்கணம் வகுத்தவர் யார் என்று கேட்டால் வேறொரு பெயரைச் சொல்ல இயலாது. ஹாம்பர்க்கில் தொடக்கத்தில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவாக 1980இல் அமைந்த எக்ஸ்மால் டாய்ச்லாண்ட், யார்க்‌ஷயரின் ஸ்கெலட்டல் ஃபேமிலியில் பாடிய ஆன்-மேரி ஹர்ஸ்ட், கலிஃபோர்னியாவின் கிறிஸ்டியன் டெத் குழுவில் பாடிய கிட்டான் டெமோன் ஆகியோரையும் சேர்த்து நோக்கினால், இவ்விசை ஆண்களுடையது என்னும் எண்ணம் நினைவுக்குறையால் விளைந்தது என்பது புலப்படும்.

லண்டனைவிட யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரமே கோத் இசைக்கு உறுதியான விளைநிலமாக இருந்தது. 1980இல் த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு தோன்றியது அங்கேதான். அந்நகரின் அன்றைய இரவுகளை நினைவிற்கொள்ளாமல் அங்கு இரவு விடுதிகளுக்குக் கறுப்புடையில் சென்ற பெண்களைப் புரிந்துகொள்ள இயலாது. 1975 முதல் 1980 வரை யார்க்‌ஷயரிலும் அதை அடுத்த பகுதிகளிலும் ஒரே கொலைகாரன் 13 பெண்களைக் கொன்றான். காவல்துறையோ, இரவில் தனியே வெளியில் செல்லாதீர்கள் என்று பெண்களுக்கு அறிவுரை கூறியது. அவ்வறிவுரைக்கு மறுமொழியாக 1977 நவம்பரில் லீட்ஸ் உள்ளிட்ட நகரங்களில் பெண்கள் தீப்பந்தம் ஏந்தி இரவை மீட்கும் ஊர்வலம் நடத்தினர். ஊர்வலம் சென்றோரும் கோத் பெண்களும் ஒரே கூட்டத்தினர் அல்லர். ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது என்று கூறுவதும் மிகை. எனினும், இரவு தங்களுக்கு உரியதன்று என்று சொல்லப்பட்ட நகரில் வளர்ந்த பெண்கள், இரையின் உருவத்தை விட்டு இரவில் உலவும் காட்டேரியின் உருவத்தைத் தேர்ந்தது பொருளற்ற தற்செயல் என்று கொள்வது அதைவிடக் கடினம்.

இத்தோற்றம் கடையில் ஆயத்தமாகக் கிடைத்ததன்று. முடியைப் பிரித்துப் பின்னோக்கிச் சீவி, தெளிப்பான் அடித்து நிலைநிறுத்த மணிக்கணக்கில் ஆகும். பழைய திரைச்சீலை வெல்வெட்டும், உள்பாவாடை லேஸும், கறுப்புச் சாயம் ஊறவைத்த வாளியும், தையல் இயந்திரமும் இன்றி அதை அமைக்க முடியாது. இடுப்பை இறுக்கும் கோர்செட் என்னும் கச்சை உள்ளாடையாக மறைக்காமல் மேலாடையாக அணிவது இக்குழுவில் பரவலாயிற்று. பெண்ணியலார் பலர் அடக்குமுறையின் சின்னமாகக் கருதிய ஓர் ஆடையை இவர்கள் ஏன் விரும்பினர் என்னும் கேள்வி அன்றிலிருந்தே உண்டு. தம் கையால் முடிச்சிட்டுத் தம் விருப்பின்படி அவிழ்க்கும் கச்சுக்கும், தாயோ பணிப்பெண்ணோ இறுக்கிய கச்சுக்கும் வேறுபாடு உண்டென்பது அணிந்தோரின் விடை. அவ்விடை முழுமையானதா என்பதில் ஐயம் இருக்கலாம். அது நாணயமற்றது என்று சொல்ல முடியாது. காலப்போக்கில் இவ்வீட்டுத் தொழில் சிறு வணிகமாகவும் மலர்ந்தது: தைக்கத் தெரிந்த பெண்கள் தோழியருக்குத் தைத்து, பின்னர்ச் சந்தைகளில் கடைவிரித்தனர். துணைப்பண்பாட்டுக்குள்ளேயே விளைந்து விலைபோகும் இத்தகைய வணிகம்தான் கோத் நெடுநாள் நிலைத்ததற்குக் காரணங்களுள் ஒன்று என்று, 2002இல் இதைப் பற்றிய விரிவான ஆய்வுநூலை வெளியிட்ட பால் ஹாட்கின்சன் காட்டியுள்ளார்.

இசையைச் சாராத மற்றொரு வழியிலும் பெண்கள் காட்டேரி உலகத்தை ஒழுங்குபடுத்தினர். ஜீன் யங்சன் என்னும் அமெரிக்கப் பெண் ருமேனியப் பயணத்தின் விளைவாக 1965இல் நியூயார்க்கில் டிராகுலா ரசிகர் சங்கத்தை நிறுவிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். ஆன் ரைஸ் 1976இல் வெளியிட்ட 'இண்டர்வியூ வித் த வாம்பயர்' இவ்வுலகின் போக்கையே மாற்றியது. இரத்தப் புற்றுநோயால் தம் சிறு மகளை 1972இல் இழந்தபின் அவர் எழுதிய அந்நாவலில் காட்டேரி தானே தன் கதையைச் சொல்கிறது. வளராத உடலுக்குள் வளர்ந்த மனத்தோடு சிக்கிய கிளாடியா என்னும் சிறுமி, தன்னை அவ்வாறு ஆக்கிய இரு ஆண்களையும் மன்னிப்பதில்லை. 1988இல் ரைஸின் இசைவோடு நியூ ஆர்லியன்ஸில் அவருடைய காட்டேரிப் பாத்திரமாகிய லெஸ்டாட்டின் பெயரில் சில பெண்கள் தொடங்கிய ரசிகர் சங்கம் ஆண்டுதோறும் ஹாலோவீன் காலத்தில் பெருவிருந்து நடத்தியது. நியூ ஆர்லியன்ஸிலும் பிரிட்டனிலும் இத்தகைய பெண்களை நேர்கண்டு 2005இல் நூல் எழுதிய மில்லி வில்லியம்சன், அவர்களை ஈர்த்தது காட்டேரியின் வன்மையைவிட, தான் விரும்பாமலே புறத்தாராக ஆக்கப்பட்டதன் வேதனைதான் என்று முடிவுசெய்தார். அழகிய பெண் இவ்வாறே இருக்க வேண்டும் என்னும் வரையறைக்குள் அடங்காதோருக்கு அவ்வேதனை அயலானதன்று. 1991இல் வெளியான 'வாம்பயர்: த மாஸ்கரேட்' என்னும் வேடமேற்று ஆடும் விளையாட்டு, அதுவரை ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்த அத்துறைக்குள் பெண்களை முன்னில்லாத அளவில் கொண்டுவந்தது.

இவ்விழைகள் விட்பியில் மீண்டும் இணைந்தது 1994இல். ஜோ ஹாம்ப்‌ஷயர் என்னும் பெண், தம் பேனா நண்பர்கள் ஏறத்தாழ நாற்பது பேரை அந்நகருக்கு வரவழைத்து, எல்சினோர் என்னும் மதுக்கடையில் கூடச் செய்தார். சிற்றூர்களில் தம்மைப் போன்ற ஒருவரும் இன்றித் தனித்திருந்தோர் கடிதங்களின் வழியே அறிமுகமாகி, முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் கண்ட அக்கூட்டமே விட்பி கோத் வார இறுதி என்னும் விழாவாயிற்று. சில ஆண்டுகளில் அது வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் நிகழத் தொடங்கியது. கடற்கரை அரங்கில் இசைக்கச்சேரியும், அருகே உடை, நகை, காலணிச் சந்தையும் அமைந்தன. கறுப்பு உருவங்களைக் கண்டு முதலில் மருண்ட நகரத்தார், பருவம் முடிந்து வெறிச்சோடும் மாதங்களில் தங்கும் விடுதிகளை நிறைத்து, வரிசையில் நின்று வறுத்த மீன் வாங்கும் இவ்விருந்தினரை விரைவில் விரும்பலாயினர். ஜெட் நகைக்கடைகளுக்குத் துக்கம் காக்காத புதிய வாடிக்கையாளர் கிடைத்தனர். உரசல்களும் இல்லாமலில்லை: ஒளிப்படத்திற்காகத் தூய மேரி ஆலயக் கல்லறைகளின்மேல் சாய்ந்தும் கிடந்தும் தோற்றம் காட்டுவோர்மீது ஊராருக்குச் சினம் உண்டு, அவ்வாறு செய்வோர் வேடிக்கைக்கு ஒருநாள் வேடமிட்டு வருவோரே என்பது பழைய கோத்துகளின் மனக்குறை. 'டிராகுலா' வெளியாகி 125 ஆண்டுகள் நிறைந்த 2022 மே 26 அன்று, விட்பி மடத்தின் இடிபாடுகளில் காட்டேரி வேடத்தில் 1,369 பேர் திரண்டு உலகச் சாதனை படைத்தனர்.

கோத் உலகைப் பாலினச் சமத்துவத்தின் புகலிடமாகக் காட்டும் விளக்கங்களை அப்படியே ஏற்பதற்கில்லை. அங்கே ஆண்கள் மையிட்டுப் பாவாடை அணிந்தால் துணிவு என்று பாராட்டப்படுகின்றனர். பெண்கள் அதே அளவு ஆண்தோற்றம் ஏற்றால் அப்பாராட்டு கிட்டுவதில்லை, அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது இன்னும் மிகுந்த பெண்தோற்றமே என்று துன்யா பிரில் 2008இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அமெரிக்கக் கோத் பெண்களை ஆராய்ந்த ஏமி வில்கின்ஸ், விடுதிகளில் தொந்தரவின்றி ஆடவும் தம் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லவும் அவர்களுக்குக் கிடைத்த உரிமையை மதிப்பிட்ட பின்னர், காதல் உறவுகளுக்குள் பழைய ஏற்றத்தாழ்வு பெரிதும் தீண்டப்படாமலே இருந்தது என்று கண்டார். வெளிறிய மெல்லிய உடலே காட்டேரி அழகு என்னும் மரபு கறுப்பின, ஆசியப் பெண்களையும் பருத்த உடலினரையும் விளிம்பில் நிறுத்திவந்ததையும் இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதின்பருவத்தில் தொடங்கியோர் பலர் நாற்பதைக் கடந்தும் இவ்வழக்கத்தை விடவில்லை. விட்பியில் தூய மேரி ஆலயத்திற்கு ஏறும் 199 படிகளுக்குக் கீழே, கறுப்பு லேஸ் தொங்கும் குழந்தை வண்டிகளைத் தள்ளிச் செல்லும் தாய்மாரைக் காண்பது அரிதன்று. வேலைநாட்களில் அடக்கமான கறுப்புச் சட்டையோடு பள்ளியிலோ மருத்துவமனையிலோ பணிபுரிந்து, ஆண்டுக்கு இருமுறை முழுக்கோலம் பூணும் முறை பலருக்கு ஏற்றதாக இருக்கிறது. ஆனால் அன்றாடத் தெருவில் இத்தோற்றம் எப்போதும் ஏளனத்தையும் சில வேளைகளில் தாக்குதலையும் ஈர்த்துவந்தது. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்னும் ஊரின் பூங்காவில், 20 வயதுடைய சோஃபி லங்காஸ்டரும் அவர் காதலரும் கோத் தோற்றத்தின் காரணமாகவே இளைஞர் கும்பலால் தாக்கப்பட்டனர். காதலரைக் காக்க அவர்மீது கவிந்து கிடந்த சோஃபி இரு வாரங்களுக்குள் இறந்தார். 2008இல் தண்டனை வழங்கிய நீதிபதி அதை வெறுப்புக் குற்றம் என்றே குறிப்பிட்டார். சோஃபியின் தாய் சில்வியா, மகளின் பெயரால் அமைப்பொன்றை நிறுவி, 2022இல் மறையும்வரை பள்ளிகளிலும் காவல் பயிற்சிக் கூடங்களிலும் பேசிவந்தார்; விட்பி விழா அவ்வமைப்புக்கு நிதி திரட்டியது. அவருடைய இடைவிடாத முயற்சியால், 2013 ஏப்ரலில் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, கோத் போன்ற துணைப்பண்பாட்டினர்மீது நிகழும் தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யும் முதல் காவல்துறையாயிற்று. வேறு பல காவல்துறைகளும் அதைப் பின்பற்றின. ஆயினும் இது பதிவு முறையளவில் நிகழ்ந்த மாற்றமே: இனம், சமயம், ஊனம், பாலின நாட்டம், பால்மாற்ற அடையாளம் ஆகியவற்றின் காரணமாக நிகழும் குற்றத்திற்குத் தண்டனையைக் கூட்டும் இங்கிலாந்துச் சட்டத்தின் பட்டியலில், ஒருவர் விரும்பி ஏற்ற உடைக்கும் தோற்றத்திற்கும் இடமளிக்கப்படவில்லை.